ரோஸ் நிறத்தில் ஓர் ஊராட்சிக் கட்டடம்

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு ஒரு பொதுக் கட்டடம் வரைந்து தரச் சொன்னவள் என் பள்ளித் தோழி. இப்போது அவள்தான் ஊராட்சித் தலைவி. குடிநீர் மோட்டாருக்கு ஓர் அறை, குப்பை வண்டிகள் நிறுத்த ஒரு கொட்டகை, தூய்மைப் பணியாளர்கள் குளித்து உடை மாற்ற ஓர் அறை. அவ்வளவுதான்.

"டவுன்ல கட்றியே, அந்த மாரி கட்டிக் குடுடி" என்றாள்.

பூசாத செங்கல் சுவர், காற்று புக இடைவெளி விட்டு அடுக்கிய மேல்வரிசைகள், நன்றாக வெளியே நீண்ட கூரை என்று ஆசை ஆசையாக வரைந்தேன். பணியாளர் அறைக்கு மட்டும் கதவைத் தெருப்பக்கம் வைத்தேன். பணியாளர்கள் எல்லோரும் பெண்கள்; அவர்கள் அதுவரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழம்புடவையை மறைப்பாகக் கட்டித்தான் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுவர் எழும்பியதும் பேச்சும் எழும்பியது. கிராம சபையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"இன்னாம்மா இது, பாதியில நின்னுபோன வூடு மாரி கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் உட்காரவில்லை.

"எதிர்லயே கோயில் கீது. குப்பை அள்றவங்க வாசலைப் பின்பக்கம் திருப்பிடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பணியாளர்கள் தலை நிமிரவில்லை. என் தோழியோ ஒரு வார்த்தை சொல்லாமல் தெருவிளக்குப் பிரச்சினைக்குப் போய்விட்டாள். கூட்டம் முடிந்ததும், கதவைத் திருப்பினால் நான் விலகிக்கொள்வேன் என்று அவளிடம் கோபமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவளே வந்தாள். "கதவு அங்கியேதான் இருக்கும். ஆனா நீ ஒண்ணு வுட்டுக் குடுக்கணும். சுவரைப் பூசி பெயின்ட் அடிக்கணும்."

"அப்பறம் அதுல என் வேலைன்னு இன்னாடி இருக்கும்?"

"வூடு வூடாப் போய்ப் பேசிக்கினு வரேன். கட்டடத்தைப் பளபளன்னு பண்ணித் தரேன், கதவைப் பத்திப் பேசாதீங்கன்னு கேட்டுக்கினேன். ரெண்டுலயும் முறைச்சிக்கினு நின்னா, நான் பதவியை வுட்டு எறங்கின மறுநாளே அந்தக் கதவை அடைச்சிடுவாங்கடி."

எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் அவள் பேசாமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ரொம்ப நேரம் வாதாடினேன். கடைசியில் மோட்டார் அறையின் மேல்வரிசைகளை மட்டும் அப்படியே விடச் சம்மதித்தாள். மற்றதெல்லாம் பூச்சுக்குள் போனது. ரோஸ் நிறம், பச்சை பார்டர். திறப்பு நாளில் அந்தப் பெரியவர், "இப்பதான் கட்டடம் மாரி கீது" என்று சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். கதவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

நான் கட்டியவற்றின் படங்களை, வீடு கட்டித் தரக் கேட்டு வருகிறவர்களிடம் காட்டும்போது இதை ஒதுக்கிவிடுவேன். அந்த நிறம் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் அந்த வழியாகப் போனேன். வேலை முடித்துக் குளித்த இரண்டு பெண்கள் ஈரத் தலையோடு தெருவாசலில் நின்று, வாலாஜாபாத் பஸ் போய்விட்டதா என்று பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி, போய்விட்டது, நானே வழியில் பார்த்தேன் என்று சொன்னேன்.