தூக்கிப் பார்த்து வாங்கிய படகு

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி மாதம், காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற நேரம். இடம், நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டிக் கிடக்கிற அணைக்கட்டுத் தண்ணீர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கடிதம் என்றால் யாரையாவது பிடித்துச் சொல்லி எழுத வைத்துத்தான் பழக்கம். இதை அப்படி எழுத வைக்க முடியாது. அதனால் எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை செய்த காலம் முழுக்க நான் மலைக்கு உரமூட்டை சுமந்தவன். லொறி நிற்கிற இடத்தில் இருந்து மேல் மலை வரைக்கும், மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு, ஒரு மூட்டையை இறக்காமல் கொண்டுபோவேன். எந்தச் சாமானைக் கண்டாலும் அதன் பாரம் எவ்வளவு என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். கல்யாணத்துக்குச் சீராக வந்த அலுமாரியைக்கூட ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல மரம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. என் மனைவியின் தம்பி, கொழும்பில் ஒரு கடையில் நின்றவன், கடையை மூடிவிட்டார்கள் என்று அந்த நேரம் ஊருக்கு வந்து சேர்ந்தான். அவனுக்கும் வேலை இல்லை. அவன்தான் மீன் பிடிக்கலாம் என்றான். அணைக்கட்டில் ஜப்பான் மீன் நிறைய உண்டு. அக்கரையில் ஒரு சிங்களவர் வலை போட்டு, ஹட்டன் ரோட்டில் வைத்து விற்பார். மல்லி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். அவரிடம் இரண்டு படகு இருந்தது, இரண்டையும் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து, ஒன்றை விலைக்குக் கொடுக்கிறேன் என்றார். இரண்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று ஓரு என்று சொல்கிற அகலமான மரப்படகு. பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டியது. பழையது, கறுத்தது, நாலு பேர் பிடித்தால்தான் அசையும். மற்றது ஃபைபரில் செய்த ஒல்லியான படகு. நீல நிறம், மூக்குக் கூராக இருக்கும், மிதவை கிடையாது.

மச்சினன் ஓருவில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான்.

"மச்சான், இதையே எடுப்போம். கட்டில்ல உக்காந்த மாதிரி இருக்கு."

"கட்டில யாருடா மேட்டுக்குத் தூக்குறது? ஒங்கப்பாவா எந்திரிச்சு வருவாரு?"

அவன் சிரித்தான். மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலம்.

தூக்க வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக் கரையில் படகைப் போட்டு வைக்கக் கூடாது என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா முன்கூட்டியே சொல்லிவிட்டார். தினமும் வேலை முடிந்ததும் தேயிலைக்கு நடுவே, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சரியான ஏற்றம். அதனால் நான் நீலப் படகின் மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு மூட்டை உரம் அளவுகூட இல்லை. மறுபக்கம் போய் அதையும் தூக்கினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதிலும் தூக்குகிறேன் பார் என்கிற மாதிரி இரண்டு பேரையும் பார்த்தேன்.

மல்லி தலையைச் சொறிந்தார். அவர் தமிழ் அரைகுறை.

"ஐயா, ஓரு ஒங்கள தூக்க வேணும். நீங்க ஏன் ஓருவ தூக்க?"

"மல்லி, நாங்க மேட்டு ஆளுங்க. ஒங்களுக்கு இது வெளங்காது."

"சரி, தண்ணியில ஏறி பாருங்க. ரெண்டு பேரும்."

மச்சினன் ஏறிப் பார்க்கலாம் என்றான். மழை வரப்போகிறது, கிளம்பு என்று நான் சொன்னேன். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை.

நீலப் படகை ஆளுக்கு ஒரு பக்கம் தோளில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "மாமா, தராசுல போட்டீங்களா? எத்தன கிலோ?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் மீன் பட்டது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே பட்டது. ஆனால் அந்தப் படகில் அசையக் கூடாது. அவன் ஒரு நுனி, நான் ஒரு நுனி. வெற்றிலை துப்ப நான் பக்கவாட்டில் சாய்ந்தால், "மச்சான், முழுங்கிருங்க, முழுங்கிருங்க" என்று கெஞ்சுவான். அவனுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் லயத்தில் யாருக்குமே தெரியாது. மலையில் பிறந்தவர்களுக்கு நீச்சல் எதற்கு? தண்ணீர் எங்களைத் தேடி வந்ததுதான். அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே தேயிலையும் பழைய லயமும் ஒரு கோயிலும் இருந்தன. அப்போது நான் சின்னப் பையன். அப்பா எங்கள் வீட்டு நிலைக்கதவைக் கழற்றிச் சுமந்துகொண்டு மேலே வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் கோயில் சுவர் தெரியும். மழைக்காலத்தில் எல்லாம் மூழ்கிவிடும். நிழல் மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் உள்ளே நின்றுகொண்டு வலையைப் பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கும் அப்படித்தான். காலை பத்து மணி இருக்கும். முதல் நாள் சாயங்காலம் போட்ட வலையை இழுத்தோம், பாதியில் கட்டையில் மாட்டிக்கொண்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. மச்சினன் குனிந்து இழுத்தான், வரவில்லை. எழுந்து நின்று இழுத்தான்.

"விட்டுறலாமா மச்சான்?"

"புது வலைடா. இரு, நானும் வாறேன்."

நான் அவன் பக்கமாகப் போய்க் கை கொடுத்தேன். அவ்வளவுதான். கத்தக்கூட நேரமில்லை.

தண்ணீரின் குளிர் நெஞ்சை அடைத்தது. மேலே வந்தபோது படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் தொற்றிக்கொண்டேன். அது என்னைத் தாங்கியது. பிறகு அவன் வந்து பிடித்தான். உடனே படகு அமிழ ஆரம்பித்தது, தண்ணீர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரைத் தாங்க அதில் ஒன்றும் இல்லை. அவன் கை வழுக்கியது. வழுக்கினவன் என் காலைப் பிடித்தான்.

நான் உதைத்தேன்.

ஒரு தடவை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டு தடவை. முதல் உதையில் அவன் விடவில்லை. இரண்டாவது உதையில் குதிகால் எதிலோ நன்றாகப் பட்டது, பிடி விட்டுப் போனது. படகு மேலே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மலையில் இருந்த பெண்கள் போட்ட கூச்சலில் மல்லி அக்கரையில் இருந்து வந்தார். அவர் வந்தது நாங்கள் வேண்டாம் என்று விட்ட அந்த ஓருவில். முதலில் என்னை இழுத்துப் போட்டார்.

"மற்ற ஆள் எங்கே?"

நான் தண்ணீரைக் காட்டினேன். அங்கே வலையின் மிதப்புகள் துடித்துக்கொண்டிருந்தன. கட்டையில் மாட்டியிருந்த அந்த வலைக் கயிற்றைத்தான் அவன் பிடித்திருந்தான். முகம் மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தான். நானும் மல்லியும் ஒரே பக்கத்தில் குனிந்து அவனை இழுத்தோம். மூன்று பேர் பாரமும் ஒரு பக்கம். அந்தக் கறுத்த ஓரு கொஞ்சம் சாய்ந்து, அப்படியே நின்றது.

லயத்துக்கு வந்ததும் ஊரே கூடிவிட்டது. என் மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தம்பிய உசுரோட கொண்டாந்துட்டீங்களே" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பல் நடுங்க நடுங்கச் சொன்னான்.

"மச்சான் இல்லாட்டி நான் இல்ல அக்கா. கடைசி வரைக்கும் என்ன விடல."

அவன் தாடையில் கறுப்பாகக் கன்றிப்போயிருந்தது. படகு விளிம்பு அடித்துவிட்டது என்றான். ஒரு வாரம் என் மனைவி அதற்கு எண்ணெய் காய்ச்சித் தடவினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இப்போது கொட்டகலையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறான். கல்யாணம், திருவிழா எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்வான். சொல்லச் சொல்ல நான் பெரிய ஆளாகிக்கொண்டே போகிறேன். போன திருவிழாவில் நான் அவன் தலைமுடியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேனாம். சனங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் மட்டும் அந்த நேரத்தில் என்னைப் பார்க்க மாட்டான்.

மன்னித்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறானா, இல்லை இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று தெரிந்து சொல்கிறானா, எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறிப் போனேன். கடைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்தோம்.

"மாப்ள, அன்னைக்கு தண்ணியில..." என்று ஆரம்பித்தேன்.

"ஆறிப் போவுது மச்சான், குடிங்க" என்றான். அவனே காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

நீலப் படகு எங்கள் லயத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. கோழிகள் அதன் அடியில் படுக்கின்றன. முட்டை எடுக்க நான்தான் அதைத் தூக்குவேன். இன்னும் ஒரு கையால் தூக்க முடிகிறது.

படகு வாங்கப் போகிற யாராவது இதைப் படித்தால், நிறத்தையும் பாரத்தையும் விட்டுவிடுங்கள், கவிழ்ந்தால் எத்தனை பேர் பிடித்துக்கொள்ள இடமிருக்கிறது என்று பாருங்கள். நான் தேடி எடுத்த படகில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது, அந்த இடத்தில் ஏறிக்கொண்டவன் நான் என்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் முட்டை எடுக்கக் குனிகிறபோது நினைத்துக்கொள்கிறேன்.