வெயிலுக்கு டிக்கெட் எடுத்த லாண்டரி

லாண்டரிக்காரிக்கு வேண்டியது தண்ணீரும் வெயிலும். இரண்டையும் ஆண்டவன் ஒரே ஊரில் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. கொடியில் துணியைப் போட்டுவிட்டு வானத்தை முறைக்கிற எல்லோரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

கிணற்றடிக் காவல்

எழுபதுகளின் தொடக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் எங்கள் லாண்டரி. அங்கே வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால், வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பதற்குள் காய்ந்துவிடும். தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். கிணறு என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. கோடையில் கிணற்றடியிலேயே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, நான் இறைக்கிற ஒவ்வொரு வாளியையும் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைத் துணி அலசிய தண்ணீரில் கலர்த்துணி, அதே தண்ணீரில் எருமைக்குக் குளியல் என்று பிழைப்பு ஓடியது. எனக்கு மானமே போயிற்று.

குமுளியில் ஒரு கடை வாடகைக்கு இருக்கிறது, பின்னாலேயே ஓடை என்று எங்களுக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். நான்தான் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துக் கிளப்பினேன். வழியனுப்ப வந்த அண்ணன் சிரித்தார்: "மழ ஊர்ல போயி லாண்டரி வெக்கறயாக்கும்! ஆடி வரட்டும்டா, பாக்கலாம்."

கம்பளிக்குக் கஞ்சி

சித்திரையில் போய் இறங்கினோம். ஓடையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்க ஆளில்லாத தண்ணீர்! வேண்டாத துணியைக்கூட இரண்டு தடவை அலசினேன்.

முதல் வாரமே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிற அன்னம்மா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போட்டார். எங்கள் ஊரில் கம்பளியை யார் கண்டார்கள்? போர்வை என்றாலே வியர்க்கிற ஊர். எனக்குத் தெரிந்ததெல்லாம், லாண்டரிக்கு வந்த துணி என்றால் கஞ்சி போட வேண்டும். கெட்டியாகப் போட்டேன். காய்ந்ததும் அதை மடிக்க வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று மல்லுக்கட்டியும் முடியவில்லை. சுவரில் சாய்த்து வைத்தோம். அன்னம்மா வந்தார், தட்டிப் பார்த்தார்: "ஏத்தா, போத்திக்கிறக் குடுத்தா கதவு செஞ்சு வச்சிருக்கியே!"

மழை வந்தது

ஆனியில் ஆரம்பித்த மழை நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் அதை மழை என்றே சொல்வதில்லை, நூலாகப் பெய்துகொண்டிருந்தால் மழை விட்டாச்சு என்கிற மாதிரி 'வெறிச்சிருக்கு' என்பார்கள். கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடந்தோம். துணி காயவில்லை, நாற்றம்தான் வந்தது. வீட்டுக்காரர் ஈரத்தின் மேலேயே கரிப்பெட்டியைத் தேய்ப்பார். கடை முழுக்க ஆவி. வருகிறவர்கள் இட்லிக் கடை என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு.

வந்த சில வாடிக்கைக்காரர்களும் குறைந்தார்கள். "ஆடி கழிஞ்சா ஊருக்கே போயர்லாம் புள்ள," என்றார் வீட்டுக்காரர். ஊர் என்றால் அந்தக் கிணற்றடி. அன்றைக்கென்று ஒரு மலையாளி குமாஸ்தா, நாங்கள் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர், நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தார்: "சேச்சீ, ஷர்ட்டு மாத்ரம் மதி. மழ வேண்டா." சட்டை மட்டும் போதுமாம், மழை வேண்டாமாம்.

டிக்கெட்

கரி வாங்க, மலைக்குக் கீழே இருக்கிற கம்பத்துக்குப் போனேன். குமுளியில் தொப்பலாக நனைந்து பஸ் ஏறினேன். மலை இறங்க இறங்க மழை பின்தங்கியது. அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். கம்பத்தில் இறங்கும்போது என் சேலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. கரி வாங்க வந்ததே மறந்துபோயிற்று. நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

மறுநாள் காலையில் ஈரத்துணி மூட்டைகளோடு பஸ்ஸில் ஏறினேன். கம்பத்தில் ஒரு விவசாயியின் நெற்களம் ஆடியில் சும்மாதான் கிடந்தது. கேட்டதும் விட்டார். முதல் நாள் கண்டக்டர் சொட்டுகிற மூட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எதுக்குக்கா இது?" என்றார். வெயிலில் காயப்போட, சாயங்காலம் திரும்பக் கொண்டுவர என்றேன். டிக்கெட்டைக் கிழித்தார்: "சனங்க சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பாக, திருவிழாவுக்கு எடுப்பாக. வெயிலுக்கு எடுத்தது நீங்கதான்க்கா."

செக்போஸ்ட்

அப்போது கீழே தமிழ்நாட்டிலிருந்து மலைக்கு மேலே கேரளத்துக்கு அரிசி கடத்துவார்கள். சாயங்காலம் பெரிய மூட்டையோடு ஒரு பொம்பளை தினமும் மேலே போனால் சும்மா விடுவார்களா? செக்போஸ்ட்டில் ஓர் அதிகாரி என்னை இறக்கினார். "அரிசி எத்தனை படிம்மா?" என்றார். "துணிங்க சார்," என்றேன். நம்பவில்லை.

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே ஊசிக் குளிர். மூட்டைக்குள்ளே கம்பத்து வெயில் அப்படியே இருந்தது. அரிசி இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, கை மட்டும் வெளியே வரவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தார். "செத்த பொறும்மா," என்றார் அதிகாரி, "இன்னொரு கையையும் விட்டுக்கிறேன்."

மாதா கோயில் சேலைகள்

ஆடி கடைசியில் மாதா திருநாள். பாட்டுக்குழுப் பெண்களின் வெள்ளைச் சேலைகளை எடுத்துக்கொண்டு கோயில் உபதேசியார் வந்தார். மழைக்குப் பயந்து வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லையாம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். விட்டுப்போன வாடிக்கைக்காரர்கள் இன்னும் திரும்பவில்லை, இதுவும் கெட்டால் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று கம்பத்தில் பேய்க்காற்று. களத்தில் அக்கம்பக்கத்தார் கல்லை வைத்து விரித்திருந்த துணியெல்லாம் தோட்டத்துக்குள் பறந்தது. என் சேலை ஒன்றுகூட அசையவில்லை! இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவது கணவாய்க் காற்றில் நான் படித்த பாடம். இந்தக் காற்று என்னிடமா?

திரும்பும்போது பஸ்ஸுக்குள் ஒரே ஒழுகல். மேலே போட்டால் மழை, கீழே வைத்தால் சேறு. கண்டக்டர் விசில் ஊதி எல்லோரையும் எழுப்பினார். ஆளுக்கொரு சேலை மடியில் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் பீடியைக்கூட அணைத்துவிட்டார். குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டே மலையேறினோம்.

திருநாளன்று ஊரே நமுத்துப்போய் நிற்க, பாட்டுக்குழு மட்டும் கஞ்சி மொடமொடக்க வெள்ளைவெளேரென்று நின்றது. எனக்குப் பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை, சேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்கிறேன், அவ்வளவு கர்வம். கோயிலிலிருந்து வந்து பார்த்தால் கடை வாசலில் குடையும் மூட்டையுமாகக் கூட்டம். ஊருக்குப் போக முந்தின நாளே வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார். இப்போது அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்: "பொட்டிய அவுத்துட்டன் புள்ள. நாளைக்குக் கொடி பத்தாது."

இரண்டு ஊரில் எது நல்ல ஊர் என்று இன்னமும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், நேரத்துக்கு பஸ் வருகிற எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.