வேப்பம்பட்டில் வாய் திறக்காத ஒரு நாள்

சனிக்கிழமை காலை 6.20. அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன். ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தினமும் மாலையில் சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்து உரக்க ஜெபித்தார்கள். இந்த ஞாயிறு ஆராதனையில் நான் நடந்ததற்கும் கர்த்தருக்கு நன்றி சொல்லி, எல்லார் முன்னும் சாட்சி கொடுப்பேன் என்று அந்த ஜெபக் குழுவை நடத்தும் மெர்சி ஆன்ட்டி அறிவித்தும்விட்டார். என்னைக் கேட்கவில்லை.

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ 150 ரூபாய். ரயிலில் எங்கே என்று கேட்ட ஓட்டுநரிடம் வேப்பம்பட்டு என்றேன். அவர் என் மடியில் இருந்த பைபிளைப் பார்த்தார்.

“இன்னாக்கா, ஊட்டாண்ட சர்ச் இல்லியா? ஜெபம் பண்ணவா வேப்பம்பட்டு போறீங்க?”

“இருக்கு. ரொம்ப சத்தம்.”

“சத்தமா கூப்டாதானே சாமிக்குக் கேக்கும்?”

“அவருக்குக் காது நல்லாவே கேக்கும்ண்ணா.”

ரயிலுக்கு ஐந்து ரூபாய். ஆவடியில் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. 7.40-க்கு வேப்பம்பட்டு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் தியான இல்லம்: நான்கு அறைகள், ஒரு சிற்றாலயம். கத்தோலிக்க இல்லம். கத்தோலிக்கம் அல்லாத எங்கள் சபையில் அங்கே போவதே ஒரு குற்றம். பொறுப்பில் இருந்த சிஸ்டர் என் போனை வாங்கி வைத்தார்.

“நாலு மணி வரைக்கும் இங்க யாரும் பேச மாட்டோம். கடவுள்மேல கோபம் இருந்தா அதையும் உள்ளயே சொல்லலாம்மா.”

முதல் ஒரு மணி நேரம் பெரும்பாடாக இருந்தது. மனப்பாடமான ஜெபங்கள் தாமாகவே உதட்டுக்கு வந்தன. நிறுத்தினேன். ‘நன்றி சொல்ல மாட்டேன்’ என்று சிலுவையைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. பதினொரு மணிக்கு அழுகை வந்தது. “அழாதம்மா, அடுத்தது வரும்” என்று சொல்ல யாரும் இல்லை. முழுதாக அழுது தீர்த்தேன்.

பிறக்காத பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று உறவினர்கள் தடுத்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்கு என் மகளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தேன். பேசாமலே அவளைக் கடவுளிடம் கொடுத்தேன். ஆறுதல் கிடைத்ததா? இல்லை. ஆனால் என் கோபத்துக்குப் பயந்து அவர் எழுந்து போய்விடவில்லை.

நான்கு மணிக்கு போன் கைக்கு வந்ததும் மெர்சி ஆன்ட்டி அழைத்தார்.

“எங்கம்மா போயிட்ட? நாளைக்குப் பேசறத எழுதிட்டியா?”

“பேச மாட்டேன் ஆன்ட்டி.”

“விசுவாசம் போயிடுச்சா?”

“இருக்கு. அதனாலதான் பொய் சொல்ல மாட்டேங்கிறேன்.”

6.30-க்கு வீடு திரும்பியபோது கூடம் நிறையப் பெண்கள், ஓரத்தில் என் கணவர். பாட்டு தொடங்கியிருந்தது. நான் நடுவில் போய் நின்றேன்.

“என் பொண்ணு பேரு எஸ்தர். அவளுக்காக அரை மணி நேரம் பேசாம உட்காருங்க. முடியாதவங்க போகலாம்.”

மெர்சி ஆன்ட்டி எழுந்து போனார், கூடவே இருவர். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஆறு வாரமாகக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத என் கணவர், அந்த அமைதியில், மெதுவாக ஒரே ஒரு முறை “எஸ்தர்” என்றார். அதை மட்டும் நான் தடுக்கவில்லை.