மாமியின் சஹனும் மூன்றாம் இடமும்

1. தராசு

கலியாணம் முடித்து டீமுக்குத் திரும்பிய அன்று மெனேஜர் சேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தராசில் ஏற்றினார். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும், கொடுத்த வாழ்த்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

“கலியாணம் முடிச்சா ரெண்டு பேரா வருவாய் எண்டு தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒரே ஜேர்சிக்குள்ள வருவீங்க எண்டு நான் நினைக்கல்ல” என்றார்.

அப்போது நான் ஒரு கம்பனி டீமில் சம்பளத்துக்கு சைக்கிள் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலை ஊரில் விளங்கப்படுத்துவது மேடு ஏறுவதைவிடக் கஷ்டம். “சைக்கிள் ஓடுறீங்க, சரி. தொழில் என்ன?” என்பார்கள். அதுதான் தொழில் என்றால், “அது விளங்குது. மறுகா தொழில்?” என்று திரும்பக் கேட்பார்கள். மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களிடம் என் வாப்பா “கம்பனியில வேலை” என்று சொல்லித் தப்பித்தார்.

எடை கூடியதற்குக் காரணம் மாமி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் சாய்ந்தமருதில் பிறந்தவன். பெண் எடுத்தது மருதமுனையில், கைத்தறி நெய்கிற குடும்பத்தில். புது மாப்பிள்ளை மெலிந்தால் ஊர் மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாது, மாமியின் சட்டியைத்தான் குறை சொல்லும். அதனால் நான் சும்மா இருக்கும் நேரமெல்லாம் மாமிக்கு மானப்பிரச்சினை. “மருமகன், இன்னும் ஒரு கரண்டி போடட்டா?” என்பார். போதும் என்றால் அவருக்குக் கண் கலங்கும். அதைப் பார்க்க முடியாமல் நான் இரண்டு கரண்டி தின்பேன்.

சேர் தராசை ஓரமாகத் தள்ளினார். “மட்டக்களப்பிலயிருந்து பொத்துவிலுக்கு ரேஸ் வருது. முதல் மூணுக்குள்ள வா. இல்லாட்டி வாற வருஷம் உன்ட ஜேர்சி வேற ஆளுக்கு. அளவும் இப்ப உனக்குச் சரியில்லத்தானே.”

சைக்கிளை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

2. கால்

ரேஸ் ஓடுகிறவர்கள் காலைச் சிரைப்போம். விழுந்து தோல் உரிந்தால் மருந்து கட்டவும், மசாஜ் செய்யவும் அது வசதி. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒருநாள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் செயின் கழுவிக்கொண்டிருந்தேன்.

“யா அல்லாஹ்! ஸரீனா, இஞ்ச ஓடி வாகா! மாப்பிள்ளைக்கு என்னமோ வருத்தம். கால்ல ஒரு மயிரும் இல்ல!”

என் மனைவி ஸரீனா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். மாமி சிரிக்கவில்லை. சத்துக் குறைந்து கொட்டிப்போனது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டோடு ஈரல் சூப்பும் சேர்ந்தது. அதைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால் பாண்டிருப்பு தாண்டுவதற்குள் நித்திரை வரும்.

3. வளைவு

ரேஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனின் வீடு இருக்கிற ஊருக்குள்ளால் போகும்போது மற்றவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து அவனை முன்னே விடுவார்கள். அவன் வீட்டாருக்குக் கை காட்டிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வான். ரேஸுக்கு முந்திய கிழமை இதை ஸரீனாவிடம் சொன்னேன். அவள் மாமியிடம் சொன்னாள். மாமி அதைத் தன் கணக்கில் விளங்கிக்கொண்டார்: மாப்பிள்ளை தன் கூட்டாளிமாரோடு வீட்டுக்கு வருகிறான்.

அன்று நான் நன்றாக ஓடினேன். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட பெரிய கூட்டத்தை உடைத்துக்கொண்டு ஆறு பேர் முன்னால் வந்துவிட்டோம். அதில் நானும் ஒருவன். பாண்டிருப்புத் தவமும் இருந்தான். ஆள் உருளைபோல இருப்பான், ஆனால் கடைசி ஓட்டத்தில் அவனைப் பிடிக்க முடியாது. மற்ற நால்வரும் வெளியூர். ஆறு பேரும் மாறி மாறி முன்னுக்கு வந்து காற்றை வெட்டிக்கொடுத்துக்கொண்டு போனோம். மருதமுனை எல்லை வந்ததும் தவம் சொன்னான்: “மச்சான், போ. பெண்சாதிக்குக் கை காட்டு.”

நான் முன்னே போனேன். எங்கள் வீட்டுக்கு நேரே ரோட்டைக் குறுக்கறுத்து ஒரு வளைவு நின்றது. மூங்கில் கட்டி, வீட்டுத் தறியில் நெய்த துணியைச் சுற்றி, “எங்கள் மாப்பிள்ளையே வருக” என்று எழுதியிருந்தார்கள். மாமியின் தம்பிமாரின் வேலை. அழகாகத்தான் இருந்தது. உயரம்தான் காணாது.

எங்களுக்கு முன்னால் நடுவரின் வாகனம் போய்க்கொண்டிருந்தது. கூரையில் ரேஸ் நேரம் காட்டுகிற பெரிய மணிக்கூடு. மணிக்கூடு வளைவில் கொளுவியது. மூங்கில் முறிந்து பக்கத்துக் கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. வாகனம் புதுப்பெண் போல முக்காடு போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றது.

கரண்டு நிறுத்தப்படும்வரை யாரும் அசையக் கூடாது என்று நடுவர் விசில் ஊதினார். பின்னால் வந்த கூட்டத்தையும் வழியிலேயே நிறுத்தினார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி அப்படியே இருக்கும், தொடங்கும்போது அதே இடைவெளியோடு விடுவார்கள். அதுதான் விதி.

4. ஆறாவது ஆள்

கேற்றைத் திறந்துகொண்டு மாமி வந்தார்.

“சுணங்கிட்டீங்க மருமகன், சோறு ஆறுது. எல்லாரும் வாங்க மகன், சப்பாத்தக் கழட்டிட்டு இரிங்க.”

முற்றத்தில் பாய் விரித்து நடுவில் சஹன் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு, எல்லோரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்பது. எங்கள் வீட்டில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். ரேஸில் ஆறு பேர் முன்னால் வருகிறார்கள் என்று ஸரீனா போனில் பார்த்துச் சொன்னதும், அல்லாஹ்வே கணக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறான் என்று மாமி புரியாணியைக் கொட்டிவிட்டார்.

தவம் தயங்கினான். “அம்மா, நான் பாண்டிருப்பு. மாடு தின்ன மாட்டன்.”

“கோழிதான் மகன். பாண்டிருப்பு எண்டா நம்மட பக்கத்து ஊர்தானே, எனக்குத் தெரியாதா? இரிங்க.”

தவம் பாயில் இருந்தான். வாசம் அப்படி. அவன் இருந்ததும் மற்ற நால்வரும் இருந்தார்கள். ஓர் இடம் மிஞ்சியது. அது எனக்கு. மாமி எனக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் இரண்டு முட்டையும் ஒரு முழுக் கோழிக்காலும் இருந்தன.

இதைத் தின்றால் பொத்துவிலுக்குப் போகமாட்டேன், கல்முனை ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். தின்னாவிட்டால் மாமி ஊருக்கு முன்னால் அழுவார். பொழுது போகப் போக ஜேர்சி கையைவிட்டு நழுவுவது போல இருந்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. விருந்தில் வீட்டுக்காரன் இருந்து தின்னமாட்டான், நின்று பரிமாறுவான்.

“மாமி, நான் இரிக்க மாட்டன். அவங்கதான் விருந்தாளி. நான் இந்த வீட்டுப் புள்ள. நான் பரிமாறாம வேற ஆரு பரிமாறுற?”

மாமி கரண்டியோடு அப்படியே நின்றார். அவருக்கு நான்கும் பெண்பிள்ளைகள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ட மன…” என்றார். எங்கள் பக்கத்தில் பெற்ற மகனைக் கூப்பிடுகிற சொல் அது. எனக்குள்ளே சுருக்கென்றது. ஆனால் ரேஸ் ரேஸ்தானே, கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

“சஹனுல ஆள் குறையக் கூடா” என்று மாமி சுற்றிப் பார்த்தார். நடுவர் தன் வாகனத்தின் அச்சில் சுற்றிய துணியைப் பிடுங்கி முடித்துவிட்டு, “சாப்பாடு ரூல்ஸ்ல இல்ல” என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். மாமி அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியபின் அவர் என்ன செய்வார்? ஆறாவது ஆளாக இருந்தார். என் கோழிக்கால் அவருக்குப் போனது. அதன்பிறகு ரூல்ஸைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நான் மனச்சாட்சி இல்லாமல் பரிமாறினேன். தவத்துக்கு மூன்று தரம். பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். “காணும் மச்சான்” என்று அவன் கையைக் குறுக்கே வைத்தான். கைக்கு மேலேயே வைத்தேன்.

கரண்டுக்காரர்கள் வேலையை முடித்தார்கள். புறப்படும்போது மாமி ஒவ்வொருவரின் ஜேர்சி முதுகுப் பையிலும், சீனியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய தொதலில் ஒரு பார்சல் செருகினார். நானும் முதுகைக் காட்டினேன்.

“விருந்தாளிக்குத்தான் பார்சல். வீட்டுப் புள்ளக்கு என்ன பார்சல்? பின்னேரம் வந்து தின்னு” என்றார் மாமி.

அதுவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டவர்.

5. மாடு முந்தியது

கல்முனைச் சந்தியில் எங்கள் டீம் சாப்பாட்டுப் பை கொடுத்திருக்க வேண்டும். வளைவுக் குழப்பத்தில் டீமின் வான் வண்டி பின்னால் மாட்டிக்கொண்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. காரைதீவில் கியரை மாற்றி ஒரே இழுவையாக இழுத்தேன். பின்னால் ஐந்து ஏப்பம் கேட்டது. ஒருவரும் எழும்பி வரவில்லை. நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் தனியாகவே தாண்டினேன். முதலிடத்துக்கு எப்படிக் கை தூக்குவது என்று பழகிக்கொண்டுகூடப் போனேன்.

திருக்கோவில் தாண்டியதும் கச்சான் காற்று வயல் பக்கமிருந்து அடித்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை. ரோடு இரண்டாகத் தெரிந்தது. எந்த ரோட்டில் போவதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மாடு என்னை முந்திக்கொண்டு போனது. அதற்கும் அவசரம் ஒன்றுமில்லை.

பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் செமித்து முடித்து, கலியாண வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் போல வந்துகொண்டிருந்தார்கள். தவம் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தான்.

“என்ன மச்சான், வீட்டுப் புள்ளக்குப் பசிக்கிதோ?”

அவன் முதுகுப் பையிலிருந்து தொதலை எடுத்து நீட்டினான். “இந்தா, தின்னு. உங்கட மாமிட கைதான். எனக்கு நீ வைச்ச வட்டிலப்பம் இன்னும் இஞ்ச நிக்கிது” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

ஓட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே தங்களுக்குள் சாப்பாடு மாற்றிக்கொள்ளலாம், விதியில் தடையில்லை. உறையைப் பிரிக்காமலே கடித்தேன், பாதிப் பொலித்தீனும் உள்ளே போயிருக்கும். சீனியும் தேங்காய்ப்பாலும் இரத்தத்தில் ஏற ரோடு மறுபடி ஒன்றானது. அவர்களின் பின்சில்லை ஒட்டிக் காற்றுக்கு ஒதுங்கிக்கொண்டு பொத்துவில்வரை போய்ச் சேர்ந்தேன். கடைசி ஓட்டத்தில் தவம் முதலாவது. எனக்கு மூன்றாவது.

சேர் வந்து முதுகில் தட்டினார். “ஜேர்சி உனக்குத்தான். அதுசரி, அவன் உனக்குத் தந்த சாமான் என்ன?” அடுத்த வருடத்திலிருந்து எங்கள் டீம் சாப்பாட்டுப் பையில் தொதல் வந்தது. எங்கே செய்தது என்று சொல்லத் தேவையில்லை.

6. பாடம்

இப்போது நான் இளம் பொடியன்மாருக்கு ரேஸ் பழக்குகிறேன். பசிக்கும் முன் தின், தாகிக்கும் முன் குடி என்று எல்லா மாஸ்டர்மாரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். மேலதிகமாக ஒன்று: மாமிமாரிடம் எதையும் யோசித்துச் சொல்லுங்கள். ஒரு கோழிக்காலுக்குத் தப்ப நான் சொன்ன ஒரு சொல்லை என் மாமி அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். அன்றோடு என் மாப்பிள்ளை மரியாதை முடிந்தது. மீன் வாங்குவது, கூரை ஓடு மாற்றுவது, தறிக்கு நூல் சுமப்பது எல்லாம் என் தலையில். நானும் அவரை மாமி என்று கூப்பிட்டு எத்தனையோ காலம். உம்மா என்றுதான் வருகிறது.

இதை எழுதும்போதும் குசினியிலிருந்து சத்தம் வருகிறது.

“மன, கேஸ் முடிஞ்சி போச்சி. சைக்கிள எடுத்துட்டுப் போய்க் கொண்டு வா.”

எழும்பினேன்.

“எங்க போறாய்? தின்னுட்டுப் போ.”