அடுப்பெரியாத நாளில் இடியப்பம்

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், லோஜினிக்கும் எனக்கும் அடுத்தடுத்த காம்பரா. எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது. அப்படிப்பட்டவள் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்குக் கொடுக்கத் துணிந்தாள்.

நுவரெலியாவில் சுயதொழில் வகுப்புக்கும் போய்வந்தாள். தொழில் செய்கிறவர் தனியாக முடிவெடுக்க வேண்டும், நம்ம சனம் எதற்கும் நாலு பேர் முகத்தைப் பார்க்கும், அதனால்தான் முன்னேறுவதில்லை என்று அங்கே வகுப்பெடுத்த ஒரு சேர் சொன்னாராம். விடியக்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றே வளர்ந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்களாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோஜினியோ அவர் சொன்னது சரிதானோ என்று மருகிக்கொண்டிருந்தாள்.

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நஸார் முதலாளி, மகள் ஹனாவின் கல்யாண இரவுச் சாப்பாட்டுக்கு அவளிடம் இடியப்பம் கேட்டார். முதல் பெரிய ஓடர். சொதப்பினால் பிறகு டவுனில் யார் நம்புவார்கள்?

கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, கடைசிக் காம்பரா மாயாண்டி அண்ணன் போய்விட்டார். பிரேதம் எடுக்கும்வரை எங்கள் லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. மறுநாள் சாயங்காலம்தான் அடக்கம். லோஜினி கதவைச் சாத்திக்கொண்டு அவித்திருக்கலாம். ஆனால் விடிந்ததும் நஸாருக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டு, மாயாண்டியின் மனைவி காளியாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பாதி அழுகை சாவுக்கு, பாதி ஓடருக்கு. எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரத்தில் நஸார், கல்யாண வேலையைப் போட்டுவிட்டு, வேனில் வந்து இறங்கினார். துக்கம் விசாரித்துவிட்டு, தன் கடைக்குப் பின்னால் பெரிய அடுப்பு இருக்கிறது, அங்கே வந்து அவிக்கலாம் என்றார். லோஜினி அசையவில்லை. சாவு வீட்டை விட்டு எப்படிப் போவாள்?

காளியாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போ புள்ள. இங்க அழ ஆளு இருக்கு. நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போ."

நாலு பேரா? வேனே நிறைந்துவிட்டது. முதல் தட்டுகள் வெந்து இறங்கியதும் நஸார் சொன்னார்: "கல்யாணத்துக்குப் பொறகு பாப்போம். மேல லயத்துல புள்ளைங்க பசியோட இருக்கும், மொதல்ல அங்க அனுப்புங்க."

என் பிள்ளைகளும் அதைத்தான் தின்றன. அந்த மனுசன் நன்றாக இருக்க வேண்டும். பிரேதம் எடுக்கும் நேரத்துக்கு எங்களைத் திரும்பக் கொண்டுவந்தும் விட்டார். கல்யாணத்திலும் ஒரு குறை வரவில்லை.

இன்று நஸார் கடைக்குப் பக்கத்தில் லோஜினிக்குச் சொந்தக் கடை. பிழிகிறவள் நான், கல்லாவில் காளியாயி அக்கா. புது அடுப்பு வாங்குவதற்குக்கூட எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். ஆனால் லயத்தில் சாவு விழுந்தால் யாரையும் கேட்கமாட்டாள். முதல் தட்டு மேலே போய்விடும். அதை மட்டும் அவள் தனியாகவே முடிவெடுப்பாள்.