ஒன்பதாவது ஊசி

எங்கள் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் கணக்கு அக்கா. கத்தரி, பஞ்சு, ஊசி என்று நோயாளியின் பக்கத்தில் போகிற எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் எழுதுவார். போனது அத்தனையும் திரும்பி வந்தால்தான் வயிற்றை மூடலாம். இருபத்தாறு வருடப் பழக்கம். வீட்டிலும் சாப்பிட்டு முடித்ததும் கரண்டிகளை எண்ணுகிறார் என்று அவர் கணவர் புலம்புவார். "என்னையும் எண்ணிப் பார்த்துட்டுத்தான் தூங்குறா." அக்கா சிரிக்கக்கூட மாட்டார். "நீங்க ஒருத்தர்தானே, சுலபம்" என்பார்.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

காரணம் எங்கள் பெரிய டாக்டர். கைராசிக்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கோபம் மூக்கு நுனியில். எடுத்துக் கொடுத்தது பிடிக்காவிட்டால் கையில் இருப்பது பறக்கும். புகார் சொன்ன இரண்டு பேரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒரே பேச்சு பேசப் பழகிக்கொண்டோம். எது பறந்தாலும், டாக்டர் கை நழுவிவிட்டது. அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல்தான் இருந்தார்.

அன்று மேஜையில் இருந்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய். உள்தையல் முடிந்தது. கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் நான்; அடுத்த நூலைக் கொடுக்க ஒரு நொடி தாமதித்தேன். ஊசி பிடித்திருந்த இடுக்கி என் காதோரம் பறந்து சுவரில் மோதியது. அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். வாய் தானாகச் சொன்னது: "நழுவிடுச்சு அக்கா." வழக்கம்போல ஆயா இடுக்கியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார்.

அக்கா எண்ணினார். ஒன்பது ஊசியில் எட்டுதான் இருந்தது.

நழுவினால் நேரே கீழேதானே விழும்? மேஜைக்கு அடியில் காந்தக் கோலை விட்டுத் துழாவினார்கள். கிடைக்கவில்லை. தரையில் எங்கேயாவது கிடக்கும், மூடிவிடலாம் என்றார் டாக்டர். கண்ணால் பார்க்காமல் மூட வேண்டாம் என்றார் அக்கா. நேரம் போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் தன் மானிட்டர் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்க, அந்த அம்மாவின் வயிறு திறந்தே கிடந்தது. நாங்கள் சொன்ன பொய் அவர் உயிருக்கு உலை வைக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நாக்கு எழவில்லை.

அக்கா சத்தம் வந்த சுவரோரத் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார். பேனா இரவல் கேட்கிற குரல்.

"டாக்டர், நீங்க எந்தப் பக்கம் எறிஞ்சீங்க? அந்தப் பக்கம் நான் தேடணும்."

இத்தனை வருடத்தில் அந்த அறையில் 'எறிஞ்சீங்க' என்ற வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அக்கா குற்றம் சாட்டவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார். இந்த மனுஷியையா இளக்காரமாக நினைத்தேன்!

கடைசியில் டாக்டர் சொன்னார். "அந்தப் பொண்ணு முகத்துக்கு."

அக்கா என்னிடம் வந்தார். அசையாதே, கண்ணைக்கூடச் சிமிட்டாதே என்றார். என் துணித்தொப்பியின் மடிப்பில், இடது புருவத்துக்கு மேலே செருகியிருந்த ஊசியை இடுக்கியால் மெல்ல உருவினார். பலகைக்குப் போய் எழுதினார். "ஒன்பதும் சரியா இருக்கு டாக்டர். மூடலாம்."

எல்லாம் முடிந்து கை கழுவும் இடத்தில் டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் படவில்லையே என்று கேட்டார். பரவாயில்லை டாக்டர் என்று சொல்லத்தான் வாய் போனது. அதை விழுங்கினேன்.

"ஒரு விரல் கீழ வந்திருந்தா என் கண்ணு போயிருக்கும் டாக்டர். நீங்க எறிஞ்சதுல."