சொக்லேட் ஊற்றில் கலந்திருந்த கச்சான்

ஓர்ஸ் ஹில்லில் நடந்த என் தங்கையின் திருமண வரவேற்புக்கு, சொக்லேட் ஊற்று ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். வழிகிற சொக்லேட்டில் பழத்துண்டுகளை நனைத்துச் சாப்பிட எல்லோரும் முண்டியடித்தார்கள்.

மாப்பிள்ளைக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை தொண்டை வீங்கி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். சமையல்காரரிடம் இதை முன்பே சொல்லியிருந்தேன். ஊற்றுக்காரரிடம் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

படம் எடுப்பதற்காகத் தங்கை ஓர் அன்னாசித் துண்டைக் குச்சியில் குத்தி நனைத்து, மாப்பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். சட்டென்று கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுக்காரரைக் கேட்டாள்.

“அண்ணா, இதுக்குள்ள கச்சான் போட்டனீங்களோ?”

“ஓம் தங்கச்சி, ருசிக்குக் கச்சான் பட்டர் கொஞ்சம் கலந்தனான்” என்றார் ஊற்றுக்காரர் பெருமையாக.

தங்கை குச்சியை வீசிவிட்டு அழத் தொடங்கினாள். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளைதான் சிரித்தார். “எனக்கு ஒண்டும் நடக்கேல்லத்தானே, அழாதேயும். வெறும் அன்னாசியைத் தாரும்.”

அவர் அதை மென்று விழுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊற்றையும் உடனே நிறுத்தச் சொன்னோம்.

இப்போது எந்த விசேஷத்துக்கும், ஐஸ்கிறீம்காரர் முதல் கேக் செய்பவர் வரை எல்லோரிடமும், “என்னென்ன போடுவீங்கள்?” என்று கேட்டு, யாருக்கு எது ஆகாது என்பதையும் நானே நேரில் சொல்லிவிடுகிறேன்.